பின் ஷெட்டுக்கு வராத சிக்னல்

மார்ச் 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நடந்தது இதுதான். நேற்று காலை உங்கள் நேர்காணல் பாதியில் அறுந்தது. நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின் ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு வந்தீர்கள். மேலே சட்டையும் டையும், கீழே அரை நிஜார். என் வெல்டர், பெயின்டர், பீரோ வாங்க வந்திருந்த ஒரு புருஷன் பெண்சாதி, அத்தனை பேர் முன்னாலும் என் வீட்டைப் பார்த்துத் திரும்பி, "தகரம் தட்டுறவங்களுக்கு இன்டர்நெட் ஒரு கேடா?" என்று கத்தினீர்கள். நான் ஜன்னல் வழியாக, "வீட்டோட மாப்பிள்ளைக்கு டை ஒரு கேடா?" என்றேன். வாங்க வந்தவர்கள் வாங்காமலே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு என் மகள் வந்து சொன்னது: "இனிமே ரெண்டு பேரும் என் வாயில பேசாதீங்க. சொல்ல வேண்டியதை பேப்பர்ல எழுதுங்க. சாப்பாட்டுக் கேரியரோட கொண்டு போய்க் குடுக்கறேன்." அவளுக்காக எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

பிடி உடைந்த டிரங்குப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் பழுது பார்த்தவள் நான். இன்று ஊரில் பாதி வீட்டு நகை என் பீரோவில்தான் தூங்குகிறது. நீங்கள் செய்வது, யாரோ கட்டப்போகும் சுவருக்குக் கம்ப்யூட்டரில் கோடு போடுவது. சுவரை நானும் கட்டியிருக்கிறேன். கோடு போட்டதில்லை. சுவர் நிற்கிறது.

நெட் என் வீட்டில் இருக்கிறது. மாதாமாதம் பணம் கட்டுகிறேன். என் போனுக்கு வருகிறது, பில் போடுபவருக்கு வருகிறது. உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் கோளாறு உங்கள் கருவியில், இல்லாவிட்டால் உங்கள் ராசியில். ரூட்டர் எங்கே என்று மகளிடம் கேட்டு அனுப்பினீர்களாம். பத்திரமாக இருக்கிறது. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

வெல்டர் முன்னால் ஒரு மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மாமியார்

*

மார்ச் 4

அத்தைக்கு,

மன்னிப்புக் கேட்பதாக இல்லை. அரை நிஜார் விஷயத்தில் மட்டும் வருத்தம்.

என் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள். கம்பெனிக்காரர்கள் இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி, ஒரு மணி நேரம், வீடியோவில். நான் போட்ட வரைபடங்களைத் திரையில் திறந்து காட்டி விளக்க வேண்டும். "இந்தத் தடவையும் லைன் அறுந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அறுந்தால் மறுநாளே நாங்கள் கிளம்புகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இரண்டு அறை பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே சிக்னல் ஜன்னல் வழியாகத் தானே வந்து மடியில் விழுகிறது. உங்கள் மகளும் குழந்தையும் என்னோடு வருவார்கள். கேட்டுவிட்டேன், தலையாட்டினாள்.

"இலவசமா இடம் குடுத்தேன், இலவசமா இடம் குடுத்தேன்" என்று ஊர் முழுக்கச் சொல்கிறீர்கள். நாலு பக்கமும் தகடு, கூரையும் தகடு. எல்லாம் பட்டறையில் வளைந்துபோய் ஒதுக்கிய பீரோத் தகடுகள். நாங்கள் குடியிருப்பது வீட்டில் இல்லை அத்தை, உங்களுக்கு விற்காமல் போன ஒரு பெரிய பீரோவில்.

இனி உங்கள் தயவும் தேவையில்லை. நேற்றே ரிப்பீட்டர் வாங்கிவிட்டேன். இரண்டு கொம்பு வைத்த பெட்டி. சிக்னலை வாங்கி நீட்டிக் கொடுக்கும். என் மேசைமேல் வைத்திருக்கிறேன். பச்சை விளக்கு எரிய ஆரம்பித்ததும் சொல்லி அனுப்புகிறேன். இப்போதைக்குச் சிவப்பு.

மாப்பிள்ளை

*

மார்ச் 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கொம்புப் பெட்டியை விற்ற கடைக்காரர் என்னிடம் மூன்று பீரோ வாங்கியவர். நேற்று அந்தப் பக்கம் போனேன், எட்டிப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை அந்தப் பெட்டிய எங்க வெச்சிருக்கார்?" என்றார்.

"மேசை மேல."

"மேசை எங்க இருக்கு?"

"சிக்னலே வராத ஷெட்டுல."

கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா, அது நீட்டுற பெட்டி. பெத்துப் போடுற பெட்டி இல்ல. சிக்னல் நல்லா வர்ற எடத்துக்கும் வராத எடத்துக்கும் நடுவுல வெக்கணும். இல்லாத எடத்துல வெச்சா இல்லாததைத்தான் நீட்டும்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இதைத் தெரிந்துகொள்ள நான் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, டையும் கட்டவில்லை. நீங்கள் காலேஜில் என்ன படித்தீர்கள் என்று கல்யாணத்தின்போதே விசாரித்திருக்க வேண்டும். சான்றிதழின் ஃபிரேமைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். நல்ல ஃபிரேம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி எனக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர் பீரோ வேறு இடத்தில் வாங்கினார், இரண்டு மழையில் அடித்தட்டு துரு. பஸ் புகை நாள் முழுக்க ஜன்னலுக்குள்ளேதான் வரும். உங்கள் சிக்னலோடு அதுவும் மடியில் வந்து விழும். எட்டு மாதக் குழந்தை இருமும். இருமட்டும், எனக்கென்ன. போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. தொட்டிலை மட்டும் எடுத்துப் போகக் கூடாது. அது என் பட்டறையில் என் கண் முன்னால் செய்தது. முனை ஒன்று விடாமல் நானே தேய்த்தேன்.

உங்கள் மாமியார்

*

மார்ச் 8

அத்தைக்கு,

ரிப்பீட்டரை இடம் மாற்றியாகிவிட்டது. நீங்கள் சொன்னதற்காக இல்லை. பெட்டியோடு வந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. பெட்டியை மாட்டிய பிறகுதான் தாளைப் படித்தேன். உங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று அன்றைய சண்டையில் சொன்ன சொல்லை நான் மீறவில்லை. உங்கள் மகள்தான் வராந்தா ஜன்னலில் செருகி வைத்தாள்.

அப்படியும் உருப்படவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு காம்பவுண்ட் முழுக்க நடந்து, எங்கே எவ்வளவு சிக்னல் என்று அளந்து வரைபடம் போட்டேன். இதோடு இருக்கிறது. நன்றாக வரும் இடம் பச்சை, சுமாரான இடம் மஞ்சள், செத்த இடம் சிவப்பு. குழம்பு படாமல் பார்க்கவும்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டு வாசலிலேயே பச்சை இல்லை. வராந்தா மஞ்சள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் சிவப்பு. சிக்னல் உங்கள் வீட்டுக்குள்ளேயே பாதி செத்துத்தான் வெளியே வருகிறது. மொத்தக் காம்பவுண்டிலும் பச்சை ஒரே ஒரு இடம்: உங்கள் ஆபீஸ் அறையின் பின்சுவருக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், ஒரு ஆள் ஒட்டி நிற்கும் அளவு. நேர்காணலுக்கு அங்கே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வீர்கள், தெரியும்.

இன்னொன்று. காலையில் நீங்கள் கடை திறக்கும்போது கொஞ்ச நேரம் முற்றம் முழுக்கப் பச்சையாகிறது. அப்புறம் பட்டென்று போய்விடுகிறது. சாயந்திரம் கடை கட்டும்போதும் அதே மாதிரி. பட்டறை ஆட்கள் வந்ததும் போகிறது, கிளம்பியதும் வருகிறது என்று நினைக்கிறேன். உங்கள் வெல்டர் கண்ணாடி மூடிக்குள் என்ன வீடியோ பார்க்கிறார் என்று விசாரியுங்கள். அல்லது நீங்கள் கட்டுவது இருப்பதிலேயே மலிவான பிளானாக இருக்கும். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று கணக்குப் பார்க்கிறவர் நீங்கள்.

மறுபடியும் கேட்கிறேன். ரூட்டர் எங்கே இருக்கிறது?

மாப்பிள்ளை

*

மார்ச் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

படம் வந்தது. என் வீட்டுக்கு அம்மை போட்டமாதிரி வரைந்திருக்கிறீர்கள்.

என் வெல்டர் வேலை நேரத்தில் வீடியோ பார்ப்பவர் இல்லை. அவர் ஒட்டிய மூட்டில் நகம் கூட நுழையாது. அவரைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதினால் கேரியர் காலியாக வரும்.

கடை திறக்கும்போதும் கட்டும்போதும் சிக்னல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடை திறக்கும்போது என்றால் ஷட்டர் தூக்கும்போதா, நான் ஆபீஸ் அறையில் கல்லாப் பணம் எடுக்கும்போதா? சாயந்திரம், பணத்தைத் திரும்ப உள்ளே வைக்கும்போதா? சரியாகப் பார்த்து எழுதவும்.

ரூட்டரைப் பற்றி ஏன் இவ்வளவு துருவித் துருவிக் கேட்கிறீர்கள்? பத்திரமாகத்தான் இருக்கிறது. என் வீட்டில் விலையுள்ள பொருள் எதுவும் வெளியே கிடப்பதில்லை.

இப்போது இதற்குமேல் எழுத நேரமில்லை.

உங்கள் மாமியார்

*

மார்ச் 10

அத்தைக்கு,

ரூட்டர் பீரோவுக்குள் இருக்கிறதா?

மாப்பிள்ளை

*

மார்ச் 11

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இருக்கிறது. இருந்தால் என்ன?

நெட் கொடுக்க வந்தவர் அதை ஹால் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். விளக்கு மினுக்கிக்கொண்டு, வருகிறவன் போகிறவன் கண்ணையெல்லாம் பறித்துக்கொண்டு தொங்கியது. விலை என்ன என்று கேட்டேன், சொன்னார்கள். அந்த விலைக்குப் பொருளைச் சுவரில் தொங்கவிட நான் என்ன ஏமாளியா? அன்றைக்கே கழற்றி ஆபீஸ் அறை பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் நகைக்கும் மேல் தட்டில் வைத்தேன். ஒயர் போக வெல்டரை விட்டுப் பின்பக்கம் கட்டைவிரல் பருமனில் ஒரு ஓட்டை போட்டேன். பீரோவைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று காலை சோதித்துப் பார்த்தேன். பில் போடுபவரைப் போனோடு உங்கள் ஷெட் பக்கம் நிற்க வைத்தேன். பீரோவைத் திறந்தேன். "வருதும்மா!" என்று கத்தினார். மூடினேன். "போச்சும்மா!" திறந்தேன், வருது. மூடினேன், போச்சு. நம்பிக்கை வராமல் நான் திரும்பத் திரும்பச் செய்ய, அவர் அங்கிருந்தே, "போதும்மா, கீல் கழண்டுடும்!" என்றார். என் பீரோ கீலைப் பற்றி என்னிடமே. சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

ஆக, சாக்கடை ஓரத்தில் உங்களுக்குக் கிடைத்த பச்சை, அந்த ஓட்டை வழியாகக் கசிந்தது. காலையும் மாலையும் கிடைத்தது, நான் கதவைத் திறந்தபோது வந்தது.

இதில் நான் தலைகுனிய ஒன்றும் இல்லை. வேறு எவன் செய்த பீரோவாக இருந்தாலும் கதவு இடுக்கில் சிக்னல் ஒழுகி ஊர் முழுக்கப் போயிருக்கும். என் பீரோ விடவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக்கூட உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் இத்தனை நாள் திட்டியது என் சரக்கின் தரத்தை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஹாலில் மாட்டுகிறேன், ஆனால் சும்மா இல்லை. சுற்றிலும் நல்ல இரும்புக் கம்பிக் கூண்டு, முன்னால் பூட்டு. வெல்டர் இரண்டு நாளில் முடித்துவிடுவார்.

உங்கள் மாமியார்

*

மார்ச் 12

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். குடத்துக்குள் விளக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பீரோவுக்குள் விளக்கை ஏற்றி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முற்றத்தில் நிற்பவனைப் பார்த்து "உன் கண்ணுதான் குருடு" என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். ராசியாம், ராசி.

கம்பிக் கூண்டு கூடவே கூடாது. இரும்பு எந்த உருவத்தில் வந்தாலும் அது சிக்னலுக்கு எமன். மரப்பலகையில், உயரமாக, திறந்தபடி இருக்க வேண்டும். மரம், அத்தை. மரத்தில் செய்வார்களே, அது.

அதிலும் முழுசாகத் தீராது. நாங்கள் இருப்பதே தகடு போட்ட ஷெட். அலை சுவரைத் தாண்டி வராது, ஒயர் வரும். ரூட்டரிலிருந்து ஒரு கேபிள், பிவிசி பைப்புக்குள் மண்ணுக்கடியில் போட்டு, ஷெட்டுக்குள் இழுத்து, அங்கே இரண்டாவதாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். உங்கள் சுவரில் ஒரு ஓட்டை, ஷெட் தகட்டில் ஒரு ஓட்டை. பீரோவில் ஓட்டை போட மனசு வந்தவருக்குச் சுவரில் போட வராதா?

பதினைந்துக்குள் இதெல்லாம் முடியாது. அன்றைக்கு மட்டும் பீரோக் கதவைத் திறந்து வைத்தால் போதும். அளந்து பார்த்துவிட்டேன், வராந்தாவிலுள்ள ரிப்பீட்டர் அதை வாங்கித் தரும், நான் ஷெட் கதவைத் திறந்து வாசலை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. திறந்தபடி. முழுசாக.

வெல்டரைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். உங்களைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.

மாப்பிள்ளை

*

மார்ச் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நகையும் பத்திரமும் உள்ள பீரோ ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது என் வாழ்க்கையில் நடந்ததில்லை. திறந்து வைக்கிறேன். நாற்காலி போட்டு எதிரே நானே உட்காருவேன். குழந்தையை என்னிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு நடுவில் அழுதால் அதற்கும் என்னைத்தான் திட்டுவீர்கள்.

முழு பேன்ட் போட்டுக்கொள்ளவும்.

உங்கள் மாமியார்

*

மார்ச் 15

அத்தைக்கு,

திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதினேனா இல்லையா? "முழுசாக" என்று தனியாக எழுதினேனா இல்லையா?

பாதி வரை தேன் மாதிரி போயிற்று. மூன்று பேர் திரையில். ஒரு ஆஸ்பத்திரி வரைபடத்தில் படிக்கட்டை ஏன் இடம் மாற்றினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூன்று பேரும் உறைந்துபோனார்கள். என் முகமும் அவர்கள் பக்கம் உறைந்திருக்கும், வாயைத் திறந்தபடி. நான் கதவுக்கு வெளியே எட்டி உங்கள் வீட்டைப் பார்க்கிறேன். பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மனசுக்குள் உங்களைச் சொன்ன வார்த்தைகளைக் கேரியரில் வைத்து அனுப்ப முடியாது.

"என்ன ஆச்சு, பழைய பிரச்சினையா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். மழுப்பத் தெரியவில்லை. நான் வரைந்த உங்கள் வீட்டு அம்மைப் படத்தைத் திறந்து காட்டினேன். ரூட்டர் பீரோவில் இருந்ததை, ஓட்டையை, சாக்கடையை, கேபிள் எந்த வழியாக வரப்போகிறது என்பதை எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படத்தை விட்டுவிட்டு மீதி நேரம் முழுக்க இதையே கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன முடிவு என்று நாளைக்குச் சொல்வார்களாம்.

கதவை ஏன் மூடினீர்கள்? இன்று எழுதும் கடிதத்தில் வேறு எதுவும் வேண்டாம், இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை

*

மார்ச் 15, சாயந்திரம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அன்றைக்கு நீங்கள் கத்திய கத்தலில் ஓடிப்போன புருஷன் பெண்சாதி திரும்ப வந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மடியில் குழந்தை, எதிரே திறந்த பீரோ. அந்த அம்மா ஆபீஸ் அறைக்கே வந்துவிட்டார். "ஏங்க, பீரோவைத் தெறந்து போட்டுட்டு முன்னால காவல் உக்காந்திருக்கீங்க? பூட்டு சரியில்லையா?" என்றார்.

என் பீரோவைப் பார்த்து, பூட்டு சரியில்லையா. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்திருக்க வேண்டும்?

"உங்க போனை எடுத்துப் பாருங்க" என்றேன். பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். "சிக்னல் வருதா? இப்ப பாருங்க" என்று கதவைச் சாத்தினேன். போனில் சிக்னல் கம்பி ஒவ்வொன்றாக விழுவதை அந்த அம்மா கண்ணால் பார்த்தார். "காத்து கூடப் போகாதுங்க" என்றேன். உடனே திறந்துவிட்டேன். பேரம் பேசவில்லை, இரண்டு பீரோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு நொடியில் உங்களை மறந்துவிட்டேன். அதுதான் உண்மை. குழந்தைதான் கதவு சத்தத்தில் என் முகத்தைப் பார்த்து, "என்ன செய்தாய்" என்பதுபோல் முழித்தது.

நாளைக்கு அவர்கள் வேண்டாமென்றால் பஸ் ஸ்டாண்டு மாடிக்கு அட்வான்ஸ் கொடுக்க நீங்கள் கிளம்புவீர்கள். கொடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும். தொட்டிலின் கால்களைக் கழற்றினால்தான் அந்த மாடிப்படியில் ஏறும். எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் மாமியார்

*

மார்ச் 16

அத்தைக்கு,

வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து. வீட்டிலிருந்தே செய்யலாம், லைன் அறுந்துபோகாமல் இருந்தால்.

அந்த மூவரில் பெரியவர் ஒருவர் கடைசியில், "அந்தப் பீரோ எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். கடை முகவரி கொடுத்திருக்கிறேன். கமிஷன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தொட்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் நிபந்தனைகளை எழுதி அனுப்புங்கள்.

மாப்பிள்ளை

*

மார்ச் 18

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேற்று நீங்களும் வெல்டரும் பைப்புக்குக் குழி வெட்டியதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். மண்வெட்டியை நீங்கள் பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீர்கள். ஆனாலும் குழி உங்கள் கோடு மாதிரியே நேராக இருந்தது என்று வெல்டர் சொன்னார். அவர் முன்னால் நீங்கள் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னார். என்னிடம் இன்னும் கேட்கவில்லை. அதை எதிர்பார்த்து நான் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

மரக்கடைக்குப் போனேன். "நீங்களா? மரமா?" என்று அந்த மனிதர் கடைக்கு வெளியே வந்து, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரும்பு பீரோ விற்று முன்னுக்கு வந்தவள் ஹாலில் மரப்பலகை. இந்த அவமானத்தை உங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.

இருவரும் ஒப்புக்கொண்டது இது. ரூட்டர் ஹால் சுவரில், மரப்பலகைமேல், திறந்தபடி இருக்கும். நான் அதைத் துணி போட்டும் மூட மாட்டேன். கேபிளும் பைப்பும் என் செலவு, ஷெட்டுக்குள் வைக்கும் இரண்டாவது பெட்டி உங்கள் செலவு. மாதாமாதம் நெட் கட்டணத்தில் பாதி உங்களுடையது, முதல் சம்பளத்திலிருந்து. கொம்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் கடைக்காரரிடம் பேசிக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம், பேரத்தைக் கெடுத்துவிடுவீர்கள். ரூட்டர் பீரோவில் இருந்த கதையை நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. அது இனி கடை விளம்பரம், நான் மட்டும் சொல்வேன். குழந்தை தினமும் காலையில் கடை திறக்கும் வரை என்னிடம் இருக்கும். அதற்கு நான் கூலி வாங்கப் போவதில்லை, நீங்கள் நெட் கட்டணத்தில் அதைக் கழிக்கவும் கூடாது.

உங்கள் மாமியார்